கேக்கில் எழுத மறுத்த வாசகம்



ஒரே பாலினத் திருமணம் பற்றிப் பேச்சு வந்தால் நம் ஊர் வட்ஸ்அப் குழுக்களில் நடப்பது ஒன்றுதான்: ஒருவர் ஏசுவார், மற்றவர் திருப்பி ஏசுவார். இதே விவாதம் வட அயர்லாந்தில் ஒரு கேக்கால் நீதிமன்றம் வரை போனது. அந்த வரலாற்றை நாமும் அறிந்திருப்பது நல்லது.

2014 ஏப்ரலில் வட அயர்லாந்துச் சட்டமன்றம் இத்திருமணத்துக்கான பிரேரணையைக் குறைந்த வித்தியாசத்தில் தோற்கடித்தது. அடுத்த மாதம் பெல்பாஸ்டில் ஒருவர் ஆஷர்ஸ் என்ற பேக்கரிக்குப் போய், ‘ஒரே பாலினத் திருமணத்தை ஆதரியுங்கள்’ என்று எழுதிய கேக்குக்கு 36.50 பவுண் கட்டினார். கடைக்காரர்கள் மதப்பற்றுள்ள கிறிஸ்தவர்கள். கடைக்கு வைத்திருந்த பெயரே யஃகூப் நபியின் (அலை) மகன் ஒருவரின் பெயராக பைபிளில் வருவது. சில நாட்களில் அவரை அழைத்து, இந்த வாசகத்தை எழுத மனம் இடம் தரவில்லை என்று மன்னிப்புக் கேட்டு, காசைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

அவர் வழக்குப் போட்டார். 2015 இல் கடை தோற்றது; 500 பவுண் நட்டஈடு. 2016 இல் மேன்முறையீட்டிலும் தோற்றது.

இதற்கிடையில் எவரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. பீற்றர் டட்செல் பல பத்தாண்டுகளாக ஓரினச்சேர்க்கையாளர் உரிமைக்காகப் போராடியவர். முதலில் கடைக்கு எதிராக நின்ற அவர், 2016 இல் தன் கருத்தை மாற்றிக்கொண்டதாகப் பகிரங்கமாக எழுதினார். அவர் கேட்ட கேள்வி நம்மையும் தொடுகிறது: இந்தத் தீர்ப்பு சரியென்றால், நபியவர்களைச் சித்திரிக்கும் கேலிப்படத்தை அச்சிடும்படி ஒரு முஸ்லிம் அச்சகத்தாரையும் கட்டாயப்படுத்தலாமா?

2018 ஒக்டோபரில் பிரித்தானிய உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதியரசர்களும் ஒருமனதாகக் கடைக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார்கள். கடை மறுத்தது வாசகத்தை, வந்த மனிதரை அல்ல என்றார்கள். அதே தீர்ப்பில் இன்னொன்றும் உண்டு: ஒருவர் ஓரினச்சேர்க்கையாளர் என்பதற்காகச் சேவையை மறுப்பது அவருடைய மானத்தை அவமதிப்பது. முதற்பகுதியை மட்டும் பகிர்ந்துவிட்டு இரண்டாவதை மறைப்பது நேர்மையல்ல.

2020 இல் அங்கே அத்திருமணம் சட்டபூர்வமானது. தான் உடன்படாத வாசகத்தை எழுத மறுக்கும் உரிமை அதனால் பறிபோகவில்லை.

நம் நாட்டில் பேசப்படுவது திருமணம்கூட அல்ல. 1883 இல் பிரித்தானியர் தந்த தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகளைத் திருத்துவது பற்றியே பேச்சு. அதற்கான தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதம் நமது உயர் நீதிமன்றம் கூறியது. எதிர்த்தவர்களும் ஆதரித்தவர்களும் அங்கே வாதிட்டார்கள். இரு பக்கமும் கேட்கப்பட்டது. சிறைத்தண்டனை வேண்டுமா என்ற கேள்வியும், நிகாஹ் என்றால் என்ன என்ற கேள்வியும் வெவ்வேறு என்பதையாவது நாம் பிரித்தறிய வேண்டும்.

நிகாஹ் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலானது என்பதில் நமக்கு ஐயமில்லை. அதைச் சொல்லும் உரிமையை நாம் விட்டுக்கொடுக்கவும் வேண்டியதில்லை. ஆனால் 2020 ஐ நினைத்துப் பாருங்கள். நமது ஜனாஸாக்களை எரித்தபோது, ‘இது எங்கள் நம்பிக்கை, கொஞ்சம் கேளுங்கள்’ என்று நாடு முழுக்க மன்றாடினோம். பொரளை மயானத்து வேலியில் வெள்ளைத் துணி கட்டியவர்களில் நமது மார்க்கத்தை ஏற்காதவர்களும் இருந்தார்கள். நம்மோடு உடன்பட்டதால் அவர்கள் வரவில்லை. நம்மை மனிதராகப் பார்த்ததால் வந்தார்கள்.

வகுப்பில் ஒரு மாணவன் இதுபற்றிக் கேள்வி கேட்டால் அவன் வாயை அடைக்காதிருப்போம். வித்தியாசமானவன் என்று ஒரு பிள்ளையை மற்றப் பிள்ளைகள் கேலி செய்தால் பார்த்துக்கொண்டு நிற்காதிருப்போம். கருத்தை மறுப்போம், ஆளை அவமதிக்க மாட்டோம். நமக்காக நாம் கேட்ட நியாயமும் அதுதானே?

கீழே மாற்றுக் கருத்து எழுதுபவர்களும் தாராளமாக எழுதலாம். ஏச்சு மட்டும் வேண்டாம்.