ஜி.கே-12 திட்டம்

ஜி.கே-12 திட்டம் என்பது, ஐக்கிய அமெரிக்காவில் முதுநிலை, முனைவர் பட்ட ஆய்வு மாணவர்களைப் பள்ளி வகுப்பறைகளுக்கு அனுப்பி, ஆசிரியர்களுடன் இணைந்து பணியாற்றச் செய்த ஒரு கல்வி உதவித்தொகைத் திட்டம் ஆகும். அந்நாட்டின் தேசிய அறிவியல் அறக்கட்டளை இதனை 1999 ஆம் ஆண்டில் தொடங்கியது. 2011 ஆம் ஆண்டில் புதிய நிதியளிப்பு நிறுத்தப்பட்டது. பள்ளி மாணவரிடையே அறிவியல் ஆர்வத்தைத் தூண்டுவது இதன் நோக்கங்களுள் ஒன்று. எனினும், இளம் ஆய்வாளர்களின் எடுத்துரைக்கும் திறனையும் கற்பிக்கும் திறனையும் வளர்ப்பதே இதன் முதன்மை நோக்கமாக இருந்தது.

பெயர்க் காரணம்

பெயரிலுள்ள "ஜி" என்பது, இளநிலைப் பட்டத்துக்கு மேற்பட்ட கல்வி பயிலும் மாணவரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து ஆகும். "கே-12" என்பது மழலையர் வகுப்பு முதல் 12 ஆம் வகுப்பு வரையிலான பள்ளிக் கல்வியைக் குறிக்கும்.

தோற்றம்

நுண்ணுயிரியலாளர் ரீட்டா கோல்வெல் அறக்கட்டளையின் இயக்குநராக இருந்த காலத்தில் (1998–2004) இத்திட்டம் உருவானது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆய்வு மாணவர்கள் பொதுவாக ஆய்வகப் பணி மூலமாகவோ, இளநிலை மாணவர்களுக்குக் கற்பிப்பதன் மூலமாகவோ உதவித்தொகை பெறுகின்றனர். தம் ஆய்வைத் துறை சாராதவர்களுக்கு விளக்கும் பயிற்சி அவர்களுக்கு அரிதாகவே கிடைத்து வந்தது. இக்குறையை நீக்கும் களமாகப் பள்ளி வகுப்பறை தேர்ந்தெடுக்கப்பட்டது. புவேர்ட்டோ ரிக்கோ உட்பட, 100க்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் இத்திட்டத்தில் பங்கேற்றன.

செயற்பாடு

அறக்கட்டளை பல்கலைக்கழகங்களுக்கு நிதி வழங்கியது. பல்கலைக்கழகங்கள் அருகிலுள்ள பள்ளிகளுடன் உடன்பாடு செய்து, அறிவியல், தொழினுட்பம், பொறியியல், கணிதம் ஆகிய துறைகளைச் சேர்ந்த ஆய்வு மாணவர்களைத் தேர்ந்தெடுத்தன. ஒரு மாணவர் வாரத்துக்கு ஏறத்தாழ 10 மணி நேரம் பள்ளியில் செலவிட்டார். பாட ஆயத்தத்துக்குத் தனியே நேரம் ஒதுக்கப்பட்டது. பிற்காலத்தில் உதவித்தொகை ஆண்டுக்கு 30,000 டாலராக இருந்தது.

ஆய்வு மாணவர் ஆசிரியருக்கு மாற்றாக அனுப்பப்படவில்லை. வகுப்பின் பொறுப்பு ஆசிரியரிடமே இருந்தது. ஆசிரியரிடமிருந்து கற்பிக்கும் முறையை ஆய்வாளரும், ஆய்வாளரிடமிருந்து துறையின் புதிய அறிவை ஆசிரியரும் பெறுவர் என எதிர்பார்க்கப்பட்டது.

எடுத்துக்காட்டாக, மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கெல்லாக் உயிரியல் நிலையம் நடத்திய திட்டத்தில், பள்ளி வளாகங்களிலேயே சிறு ஆய்வுத் திடல்கள் அமைக்கப்பட்டன. அவற்றில் உயிரி எரிபொருளுக்குப் பயன்படும் சுவிட்ச் புல் போன்ற தாவரங்கள் வளர்க்கப்பட்டன. விடை முன்கூட்டியே தெரிந்த செய்முறைகளுக்கு மாறாக, விடை இன்னும் அறியப்படாத வினாக்களை ஆராயும் வாய்ப்பை இது மாணவர்களுக்கு அளித்தது.

நிறுத்தம்

2012 நிதியாண்டுக்கான வரவு செலவுத் திட்ட முன்மொழிவில், ஜி.கே-12 திட்டத்தை முடிவுக்குக் கொண்டுவர அறக்கட்டளை பரிந்துரைத்தது. பங்கேற்பாளர்களின் எடுத்துரைக்கும் திறன் மேம்பட்டதை ஏற்றுக்கொண்ட போதிலும், அவர்கள் ஆழ்ந்த ஆய்வு அனுபவம் பெறுவதைத் திட்டத்தின் அமைப்பு மட்டுப்படுத்துவதாக அது கருதியது. பள்ளியில் செலவாகும் நேரம் ஆய்வேட்டுக்குரிய நேரத்தைக் குறைக்கும் என்பது வழிகாட்டிப் பேராசிரியர்கள் பலரிடமும் காணப்படும் கவலையே ஆகும்.

2011 ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில், டேவிட் பெல்டனும் உடன் ஆய்வாளர்களும் "சயின்ஸ்" ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை இக்கருத்துக்கு மாறான முடிவைத் தந்தது. 95 ஆய்வு மாணவர்கள் கல்வியாண்டின் தொடக்கத்திலும் இறுதியிலும் எழுதிய ஆய்வு முன்மொழிவுகள் ஒப்பிடப்பட்டன. ஆய்வு மட்டும் செய்தவர்களைவிட, ஆய்வுடன் கற்பித்தலிலும் ஈடுபட்டவர்கள் சோதிக்கத்தக்க கருதுகோள்களை உருவாக்குவதிலும், சோதனைகளை வடிவமைப்பதிலும் கூடுதல் முன்னேற்றம் காட்டினர். எனினும், இக்கட்டுரை பள்ளி மாணவரின் கற்றலை அளவிடவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

வரம்புகள்

ஓர் ஆய்வாளரின் வருகையால் பள்ளி மாணவரிடம் ஏற்படும் ஊக்கத்தை அளவிடுவது கடினம். அதன் பயன் பல ஆண்டுகள் கழித்து, மாணவர் உயர்கல்வியைத் தேர்வு செய்யும்போதே வெளிப்படலாம். மேலும், ஆய்வு மாணவர் ஓரிரு ஆண்டுகளில் பள்ளியை விட்டு விலகுவதால், அவர் தொடங்கிய பணி ஆசிரியரின் ஈடுபாட்டைப் பொறுத்தே தொடரும்.

ஒத்த திட்டங்கள்

ஐக்கிய இராச்சியத்தில் 2011 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட "பிரில்லியன்ட் கிளப்" என்னும் தொண்டு நிறுவனம், முனைவர் பட்ட ஆய்வாளர்களைப் பள்ளிகளுக்கு அனுப்புகிறது. பல்கலைக்கழகங்களில் குறைவாக இடம்பெறும் பின்னணிகளைச் சேர்ந்த மாணவர்கள் சிறு குழுக்களாகப் பயின்று, இறுதியில் பல்கலைக்கழகத் தரத்தை ஒட்டி மதிப்பிடப்படும் கட்டுரை ஒன்றை எழுதுகின்றனர். ஜி.கே-12 திட்டம் ஆய்வாளரின் பயிற்சியை முன்னிறுத்தியது. இந்நிறுவனம் பள்ளி மாணவரின் உயர்கல்வி வாய்ப்பை முன்னிறுத்துகிறது.