கையேட்டில் குடியேறிய ‘அவன்’

2013 நவம்பரில், நோட்.ஜேஎஸ் மென்பொருளுக்கு அடித்தளமான லிப்யுவி நிரல் தொகுப்பில் ஒரு சின்னத் திருத்தம் பெரிய சண்டையாக வெடித்தது. விளக்கக் குறிப்புகளில் ‘ஹி’ என்று ஆண்பாலில் இருந்த சில இடங்களைப் பொதுப்பாலாக மாற்றி ஒருவர் அனுப்பினார். இத்தனை அற்பமான மாற்றம் வேண்டாம் என்று பராமரிப்பாளர் ஒருவர் தள்ளினார், இன்னொருவர் சேர்த்தார், முதலாமவர் அதை நீக்க முயன்றார். நோட்.ஜேஎஸ்ஸை நடத்திய ஜாயன்ட் நிறுவனம் அவரைப் பகிரங்கமாகக் கண்டிக்க, அவர் திட்டத்திலிருந்தே விலகினார்.

இத்தகைய சண்டைகளில் தவறாமல் எழும் வாதம் ஒன்று உண்டு: ‘ஹி’ என்றால் பெண்ணும் அடக்கம், அதுதான் காலங்காலமான மரபு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. பன்மைச் சொல்லான ‘தே’யை ஒருமையிலும் வழங்குவது ஆங்கிலத்தில் 14ஆம் நூற்றாண்டிலேயே உண்டு. ‘ஹி’யே பொது என்ற விதி 18ஆம் நூற்றாண்டு இலக்கண நூல்களில்தான் வேரூன்றியது. சட்டங்களில் வரும் ஆண்பாற் சொல் பெண்களையும் உள்ளடக்கும் என்று 1850இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டமே போட்டது. அந்த விதிக்குச் சோதனை விரைவிலேயே வந்தது. 1867இன் வாக்குரிமைச் சட்டத்தில் ‘ஆண்’ என்பதை ‘நபர்’ என மாற்ற ஜான் ஸ்டூவர்ட் மில் கொண்டுவந்த திருத்தம் தோற்றது. ஆண் என்றால் பெண்ணும் அடக்கம்தானே என்று மான்செஸ்டர் பெண்கள் வழக்காடினார்கள். வாக்குரிமைக்கு அது பொருந்தாது என்று 1868இல் நீதிமன்றம் கைவிரித்தது. உரிமை கேட்டு வந்த இடத்தில் உதவாத சொல்லைப் பொதுச்சொல் என்பது எப்படி?

‘தே’ பன்மை ஆயிற்றே, கையேட்டில் குழப்பம் வராதா என்பது அடுத்த ஆட்சேபம். இன்று ஒருவரை விளிக்கும் ‘யூ’வும் ஒருகாலத்தில் பன்மைதான். நம் ‘அவர்’ பன்மையிலிருந்து மரியாதை ஒருமைக்கு வந்ததே. அதனால் யாரும் ஆள்கணக்கில் தடுமாறுவதில்லை. நிரல் விளக்கத்தில் குழப்பம் வரக்கூடிய இடங்கள் உண்மையிலேயே உண்டு: ஒரு பயனர், பல கோப்புகள் என்று ஒரே வாக்கியத்தில் வந்தால் ‘தே’ எதைச் சுட்டுகிறது என்று தயங்க வேண்டியிருக்கும். அங்கே வாக்கியத்தைத் திருப்பி எழுதினால் போதும். ‘பயனர் தன் கடவுச்சொல்லை மறந்தால் அவன் இந்தப் பொத்தானை அழுத்த வேண்டும்’ என்பதைவிட, ‘கடவுச்சொல் மறந்துவிட்டால் இந்தப் பொத்தானை அழுத்துங்கள்’ என்பது சுருக்கம், தெளிவு.

அற்பம் என்ற வாதத்துக்கும் பதில் எளிது. எழுத்துப்பிழைத் திருத்தமும் அற்பம்தான்; ஆனாலும் ஏற்கிறோம். ஆனால், ஆங்கிலம் தாய்மொழியல்லாத ஒரு பராமரிப்பாளரின் முடிவை அவரது குணத்தின் அளவுகோலாக்கியது நியாயமில்லை. எழுதிவைத்த நடைவிதி இருந்தால் இது ஆள்மேல் விசாரணையாக மாறத் தேவையில்லை. ஏபி செய்தி நிறுவனத்தின் நடைக்கையேடு 2017இல் ஒருமை ‘தே’யை வரம்போடு ஏற்றது, மைக்ரோசாஃப்ட் போன்ற நிறுவனங்களின் நடைக்கையேடுகளும் ‘அவன்’ வேண்டாம், படிப்பவரை நேரே விளித்து எழுதுங்கள் என்கின்றன. பிரதிப்பெயர்ச் சிக்கல் தீர வேண்டிய இடம் நடைக்கையேடுதான்.