இடுப்புச் சுமையும் வாசலும்: திருத்தணி மலையில் கைக்குழந்தைக்காரர்களின் இடம்

முருகனின் ஆறு படைவீடுகளுள் ஐந்தாவதாகக் கொள்ளப்படும் திருத்தணியில், மலையடியிலிருந்து கோயில் வாசல் வரை 365 படிகள் உள்ளன. ஆண்டின் நாட்களை அவை குறிக்கின்றன என்று பொருள் சொல்லப்படுகிறது. இப்படிகளைப் பற்றிப் பேசுவோர் காவடியையும், புத்தாண்டுப் படித்திருவிழாவையும், அருணகிரிநாதர் இத்தலத்தைத் திருப்புகழில் பாடியதையும் தவறாமல் குறிப்பிடுவார்கள். ஆனால் காவடியோடு காவடியாக இம்மலை மீது காலங்காலமாகச் சுமந்து செல்லப்பட்ட மற்றொரு சுமையான கைக்குழந்தையைப் பற்றிப் பேசுவது அரிது. சூப்பர் மார்க்கெட் வாசலருகே சிறு குழந்தையோடு வருவோருக்கு வண்டி நிறுத்த இடம் ஒதுக்க வேண்டுமா என்று பெருநகரங்களில் இன்று எழும் கேள்வி, பார்ப்பதற்கு மேல்நாட்டுக் கடைப் பழக்கத்தின் இறக்குமதியாகத் தோன்றினாலும், வாசலுக்கு மிக அருகில் யாரை வரவிடுவது என்னும் அதன் உட்பொருளைத் திருத்தணி போன்ற மலைக்கோயில் ஊர்கள் மோட்டார் வண்டி வருவதற்கு வெகுகாலம் முன்பே எதிர்கொண்டிருக்கின்றன.

குழந்தை ஏன் மலையேற வேண்டியிருந்தது என்பதை முதலில் விளக்க வேண்டும். பிறந்த முடியை, அதாவது கருவிலிருந்தே வந்த முதல் தலைமுடியை, குலதெய்வத்துக்கோ வேண்டிக்கொண்ட தெய்வத்துக்கோ காணிக்கையாகக் கொடுத்து, அதே நாளில் தாய்மாமன் மடியில் குழந்தையை உட்கார வைத்துக் காது குத்துவது தமிழ்நாட்டுக் குடும்பங்களின் நெடுநாள் வழக்கம். தெலுங்கு பேசும் குடும்பங்கள் இதே காணிக்கையைத் ‘தலநீலாலு’ என்கின்றன. எல்லையோர ஊரான திருத்தணியில் இரு மொழிக் குடும்பங்களும் ஒரே நாவிதர் முன் அமர்கின்றன. மொட்டைக்குப் பெரும்பாலும் ஒற்றைப்படை மாதமோ ஒற்றைப்படை ஆண்டோ தேர்ந்தெடுக்கப்படுவதால், குழந்தை மலைக்கு வந்து சேரும் பருவம் விந்தையான ஒரு பருவமாக அமைந்துவிடுகிறது. ஓராண்டு நிறையும் குழந்தை சுமார் 9 கிலோ எடை இருக்கும். உள்ளங்கையில் ஏந்தும் வயதைக் கடந்திருக்கும், ஆனால் படியேறும் வயது வந்திருக்காது. சடங்கின் நாட்கணக்கே குழந்தையை அதன் மிகவும் சுமையான பருவத்தில் மலைக்கு வரவழைக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

இதனோடு சேர்த்து நோக்கத்தக்க மற்றொரு வழக்கம் தத்துக் கொடுத்தல். பிறந்த குழந்தைகள் தங்காத வீட்டிலோ, நோய்ப்பட்ட குழந்தை பிழைத்த வீட்டிலோ, அக்குழந்தையைத் தெய்வத்துக்கே கொடுத்துவிட்டதாகப் பாவித்து, சந்நிதியில் கிடத்திப் பின்னர்த் தவிடு போன்ற அற்ப விலைப் பொருளைக் கொடுத்து மீட்டுக்கொள்வது இதன் முறை. தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை என்னும் பேச்சும், தவிட்டான் போன்ற பெயர்களும் இவ்வழியில் வந்தவை. விலை அற்பமாக இருப்பதன் நோக்கம், குழந்தைக்கு மதிப்பில்லை என்று காட்டி நோயையும் கண்ணேற்றையும் ஏமாற்றுவது. சடங்கு எதுவாயினும் குழந்தை நேரில் சந்நிதிக்கு வந்தாக வேண்டும் என்பதே இவற்றுக்கெல்லாம் பொது. பணத்தை உண்டியலுக்கு அனுப்பலாம், முடியை அனுப்ப முடியாது.

இவ்வாறு வந்த குழந்தை பெரும்பாலும் இடுப்பில் வந்தது; சில வேளை தோளில், சில வேளை பழைய புடவையில் கட்டிய தூளியில். கூட்டத்தில் இச்சுமைக்கு வழிவிடும் ஒழுங்கு எந்தப் பலகையிலும் எழுதப்பட்டதன்று. ‘கைக்குழந்தைக்காரங்க வர்றாங்க, வழி விடுங்க’ என்று யாரேனும் குரல் கொடுத்தால் போதும், வரிசை சற்று விலகும். இங்கே ‘கைக்குழந்தைக்காரர்’ என்னும் சொல்லைக் கவனிக்க வேண்டும். அது தாயை மட்டும் குறிப்பதில்லை. அந்நேரத்தில் குழந்தை யார் கையில் இருக்கிறதோ அவரைக் குறிக்கிறது. பாட்டி, அத்தை, தாய்மாமன், ஏன், உடன் வந்த பக்கத்து வீட்டுக்காரர்கூட அந்தச் சில நிமிடங்களுக்குக் கைக்குழந்தைக்காரர் ஆகிவிடுகிறார். குழந்தையை இன்னொருவரிடம் மாற்றிக் கொடுத்ததும் அந்த உரிமையும் கைமாறுகிறது. முன்னுரிமை மனிதருக்கன்றி அவர் தூக்கியிருக்கும் சுமைக்கே உரியது என்னும் இந்த எண்ணம், பிற்காலச் சட்டங்களும் பலகைகளும் எட்டாத ஒரு நுட்பத்தை உடையது.

சட்டம் வேறு வழியில் சென்றது. இருப்புப்பாதை திருத்தணியைத் தொட்டபின், மலையடிக்கு வருவோரில் பெரும் பகுதியினர் ரயிலில் வரலாயினர். அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா நோக்கிச் செல்லும் தடத்தில் இவ்வூர் இருப்பதால், முருகனுக்கும் திருப்பதிப் பெருமாளுக்கும் ஒரே பயணத்தில் வேண்டுதல் தீர்ப்பது எளிதாயிற்று. 1890ஆம் ஆண்டின் இந்திய ரயில்வே சட்டத்தின் 64ஆம் பிரிவு, 1891 ஜனவரி முதல் நாளிலிருந்து ஒவ்வொரு பயணிகள் ரயிலிலும் மிகக் கீழ் வகுப்புப் பெட்டியில் ஓர் அறையையாவது பெண்களுக்கென்றே ஒதுக்க வேண்டும் என்றும், ரயில் 50 மைலுக்கு மேல் ஓடுமானால் அந்த அறையில் கழிப்பிடம் இருக்க வேண்டும் என்றும் விதித்தது. போக்குவரத்தில் இடம் ஒதுக்குவது இந்நாட்டில் சட்ட வடிவம் பெற்ற தொடக்க நிலைகளுள் இது ஒன்று; முதல் வகுப்பிலிருந்து தொடங்காமல் கடைசி வகுப்பிலிருந்து அது தொடங்கியது பாராட்டுக்குரியது. பெண்கள் பெட்டியில் 12 வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகளும் செல்லலாம் என்பது இன்றைய விதி. எனவே நடைமுறையில் அது குழந்தைகளின் பெட்டியுமாயிற்று. ஆயினும் குழந்தையைத் தூக்கி வரும் தகப்பனுக்கோ தாய்மாமனுக்கோ அங்கே இடமில்லை. மலைப்படியில் சுமைக்குக் கிடைத்த வழி, ரயிலில் பாலினத்துக்குக் கிடைத்த இடமாக மாறிவிட்டது.

ஊர் எந்த ஆட்சிப் பகுதியில் இருந்தது என்பதும் இங்கே பொருட்படுத்தத்தக்கது. 1911இல் உருவான சித்தூர் மாவட்டத்தில் சேர்க்கப்பட்டிருந்த திருத்தணி, ஆந்திரம் தனி மாநிலமானபோது அதன் பகுதியாயிற்று, ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்கும், எச்.வி. படாஸ்கரின் தீர்வுக்கும், 1959ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டத்துக்கும் பிறகு, 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்தது. எல்லைக் கோடு மாறினாலும் ஆடிக் கிருத்திகைக்குச் சித்தூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் காவடியோடும் குழந்தையோடும் வருவது நிற்கவில்லை.

படியின் ஒழுங்கைக் குலைத்தது மலைப்பாதை. திருமலையில் விசுவேசுவரய்யாவின் திட்டப்படி அமைந்த முதல் மலைப்பாதை 1944இல் சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப்பால் திறந்து வைக்கப்பட்டது; பழனியில் 1966இல் இழுவை ரயிலும் 2004இல் ரோப் காரும் வந்தன; திருத்தணிக்கு அண்மையிலுள்ள சோளிங்கர் மலைக்கு 2024இல் ரோப் கார் கிடைத்தது. இழுவை ரயிலுக்கும் ரோப் காருக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. அவற்றில் ஏறுபவர் சொந்த வண்டி வைத்திருக்க வேண்டியதில்லை, சீட்டு வாங்கினால் போதும். நடக்க இயலாதவரும் குழந்தையோடு வருபவரும் மற்றவரும் ஒரே வாசலில் இறங்குவர். திருத்தணி மலை பழனியைப் போலச் செங்குத்தானதன்று. ஆகவே இங்கே வண்டிகளே நேராக மேலே செல்லும் சாலை அமைந்தது. வசதி பெருகியது உண்மையே. ஆனால் வாசலுக்கும் மனிதருக்கும் இடையிலான தூரத்தை அதன்பின் சுமை முடிவு செய்யவில்லை, வண்டி முடிவு செய்தது. தனி ஆளாகக் காரில் வருபவர் கோயிலை ஒட்டி இறங்க, ரயிலில் வந்த குடும்பம் பேருந்துக்கோ ஆட்டோவுக்கோ காத்திருந்து, அல்லது படியேறி, அதே வாசலுக்கு வந்து சேர்கிறது.

கடை வாசல்களில் இடம் ஒதுக்கும் பழக்கத்தை இப்பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். பிரிட்டனில் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் குழந்தையோடு வருவோருக்கென்று அகலமான இடங்களை வாசலருகே கோடிட்டு வைக்கின்றன. இதற்குச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு: காரிலுள்ள குழந்தை இருக்கையிலிருந்து குழந்தையைத் தூக்கி எடுக்கக் கதவை முழுவதும் திறக்க வேண்டியிருக்கிறது, நடை பழகும் குழந்தை ஓடும் வண்டிகளுக்கு நடுவே நெடுந்தூரம் கடக்கக் கூடாது. மாற்றுத்திறனாளிகளுக்கான இடத்தைப் போல அதற்குச் சட்டத்தின் பின்பலம் இல்லை. அது கடைக்காரரின் விருந்தோம்பல், அவ்வளவே. தென்கொரியாவின் சியோல் மாநகராட்சி 2009இல் பெண்களுக்கென்று இளஞ்சிவப்புக் கோடிட்ட நிறுத்துமிடங்களை அமைத்து, 2023இல் அவற்றைக் குழந்தை, கர்ப்பிணி, முதியோர் ஆகியோரோடு வரும் குடும்பங்களுக்கான இடங்களாக மாற்றியது. பாலினத்தைப் பார்த்து ஒதுக்கிய இடம் சுமையைப் பார்த்து ஒதுக்கிய இடமாக மாற அந்நகருக்கு 14 ஆண்டுகள் பிடித்தன. இந்திய ரயில் பெட்டியில் அம்மாற்றம் இன்னும் நிகழவில்லை.

இந்தியாவில் மாற்றுத்திறனாளிகளின் உரிமையைச் சட்டம் ஏற்கிறது. கைக்குழந்தைக்காரரைப் பற்றி வண்டி நிறுத்துமிட விதிகள் பொதுவாக வாய் திறப்பதில்லை. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-பி பிரிவு, காரில் செல்லும் 14 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இருக்கைப் பட்டையோ குழந்தைக்கான பாதுகாப்பு அமைப்போ இல்லையென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. குழந்தைக்கான கார் இருக்கை வீடுகளில் பரவப் பரவ, அகலமான இடத்துக்கான தேவையும் சென்னைக் கடைகளின் அடித்தள நிறுத்துமிடங்களில் வலுப்பெறக் கூடும். திருத்தணி போன்ற ஊர்களில் குழந்தையின் வண்டி கார் அன்று, மோட்டார் சைக்கிள். 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தையை இருசக்கர வண்டியில் ஏற்றினால் ஓட்டுநரோடு பிணைக்கும் வாரும் தலைக்கவசமும் வேண்டும், வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று 2022இல் மைய அரசு வெளியிட்ட விதி அக்குழந்தையைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. காருக்கு மட்டும் கோடு கிழிக்கும் நிறுத்துமிடம் அக்குழந்தையைக் கணக்கில் எடுப்பதில்லை. சிந்தாமணி, காமதேனு முதலிய கூட்டுறவு அங்காடிகளுக்குத் துணிப்பையோடு பேருந்தில் சென்று வந்த தலைமுறை, வாசலருகே வண்டி நிறுத்த இடம் என்ற கேள்வியையே கேட்டிருக்காது; அவர்களுக்கு வேண்டியிருந்தது வாசலருகே ஒரு பேருந்து நிறுத்தம்.

ஆகவே ஒதுக்கீடு வேண்டுமா என்ற கேள்விக்குத் திருத்தணியின் வரலாறு தரும் விடை, வேண்டும், ஆனால் ஒதுக்க வேண்டியது நிறுத்துமிடம் அன்று, இறக்கிவிடும் இடம் என்பதாகவே அமையும். மணிக்கணக்கில் ஒரு காரை நிற்க வைக்கும் நிலத்தில், கார், ஆட்டோ, மோட்டார் சைக்கிள் என்ற பாகுபாடின்றி எத்தனையோ குடும்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் குழந்தையை இறக்கிச் செல்ல முடியும். குழந்தையோடு தனியே வண்டியோட்டி வரும் தாய்க்கு இது முழுத் தீர்வாகாது என்ற மறுப்பு நியாயமானதே. அவர் குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு வண்டியை நிறுத்தப் போவார்? அத்தகையோருக்குச் சில இடங்களை வாசலருகே கோடிடுவதில் தவறில்லை. மாற்றுத்திறனாளிகளின் இடத்தைக் குறைத்து அதைச் செய்வதுதான் தவறு.

அண்மைக்கால அரசாணைகள் சில, வண்டியைப் பாராமல் குழந்தையைப் பார்த்தவை. 2015இல் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. 2021இல் அறநிலையத் துறைக் கோயில்களில் மொட்டைக்கான கட்டணம் நீக்கப்பட்டது. 2022இல் அரசுப் பேருந்துகளில் 5 வயது வரை குழந்தைகளுக்குக் கட்டணமில்லை என்றாயிற்று. திருமலையில் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் பெற்றோரைச் சுபதம் வாயில் வழியாகத் தனியே அனுப்பும் ஏற்பாடு உண்டு. ஆண்டு நிறைந்தபின் மொட்டைக்கு வரும் குழந்தை அந்த வயது வரம்பை ஒரு நாளால் தவறவிடக் கூடும் என்பது சடங்குக் கணக்கும் அலுவலகக் கணக்கும் ஒத்துப்போகாததற்கு ஒரு சிறு சான்று.

எழுதப்படாத பழைய ஒழுங்கு இன்றும் முழுமையாகக் காணக் கிடைப்பது டிசம்பர் 31 இரவில். ஆங்கிலப் புத்தாண்டு அன்று துரைமார்களின் வீட்டு வாசலில் பழக்கூடையோடு வாழ்த்துச் சொல்லக் காத்து நிற்கும் வழக்கம் இருந்த காலத்தில், அந்த வாசலை விட்டு முருகன் வாசலுக்கு வாருங்கள் என்று மக்களை அழைத்து, திருப்புகழ் பாடிக்கொண்டே படியேறும் விழாவைத் தொடங்கியவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். அவ்விழாவில் பெண்கள் 365 படிகளுக்கும் மஞ்சளும் குங்குமமும் இட்டுக் கற்பூரம் ஏற்றிச் செல்கிறார்கள். ஒவ்வொரு படிக்கும் குனிய வேண்டியிருப்பதால் இடுப்பில் குழந்தையோடு வந்தவர் அதைப் பக்கத்தில் வருபவரிடம் கொடுத்தாக வேண்டும். அவர் களைத்தால் அடுத்தவரிடம் போகும். உச்சிக்குச் சேரும்போது குழந்தை யார் இடுப்பில் இருக்கிறதோ, அவருக்கே வரிசை விலகி வழிவிடும்.