நுங்கம்பாக்கத்தில் கணிக்கப்பட்ட காணாத கோள்



இரண்டு ஞாயிறுகளுக்கு முன் எபிரெயர் 11-ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தைப் பிரசங்கித்தபோது, நெப்டியூன் கண்டுபிடிக்கப்பட்ட வரலாற்றைச் சொன்னேன். அது நான் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் உதாரணம். 1781-இல் வில்லியம் ஹெர்ஷல் கண்ட யுரேனஸ், கணக்கிட்ட பாதையிலிருந்து சற்றே விலகிச் சென்றது. கண்ணுக்குத் தெரியாத வேறொரு கோள் அதை இழுக்கிறது என்று கருதிய பிரெஞ்சு அறிஞர் லெவெரியே, அக்கோள் எங்கே இருக்க வேண்டும் என்பதை எழுதுகோலாலேயே கணக்கிட்டு பெர்லினுக்குக் கடிதம் எழுதினார். 1846 செப்டம்பர் 23 அன்று கடிதம் கிடைத்த இரவிலேயே காலே என்பவர் தொலைநோக்கியைத் திருப்பினார். கணித்த இடத்திற்கு ஒரு பாகைக்குள்ளாகவே நெப்டியூன் இருந்தது. காணப்படாததை நிச்சயிப்பதற்கு இதைவிட அழகான சான்று உண்டோ என்று கேட்டு, வழக்கம்போல் பிரசங்கத்தை முடித்தேன்.

ஆராதனை முடிந்து வாசலில் கைகுலுக்கியபோது, பள்ளியில் இயற்பியல் கற்பிக்கும் நம் சகோதரி ஒருவர் தயக்கத்தோடு கேட்டார்: “ஐயா, அதே லெவெரியே வல்கன் என்று இன்னொரு கோளையும் சொன்னாரே, அது இல்லாமலேயே போய்விட்டதே. அதை ஏன் நாம் சொல்வதில்லை?” என்னிடம் பதில் இல்லை. அந்த வாரம் தேடி வாசிக்கையில், வல்கனைவிட நமக்கு மிக அருகில் நடந்த ஒரு செய்தி கிடைத்தது. ஆவடியிலிருந்து மின்சார ரயிலேறிச் சென்னைக்குள் சென்றால் எட்டிவிடக்கூடிய தூரத்தில், நுங்கம்பாக்கத்தில் நிகழ்ந்தது அது.

இன்று கல்லூரிச் சாலையில் வானிலை ஆய்வு மையம் இருக்கும் வளாகத்தில், 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் வானாய்வகம் எழும்பியது. அதற்கு முன் 1786-இல் வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி எழும்பூரில் தம் சொந்தச் செலவில் தொடங்கியதே அதன் வித்து. கருவியைத் தாங்குவதற்கென நிறுத்திய கருங்கல் தூண் இன்றும் அங்கே நிற்கிறது. பின்வரும் தலைமுறையினர் அறிந்துகொள்ளும்படி அதில் தமிழிலும் வேறு மொழிகளிலும் கல்வெட்டுப் பொறித்திருக்கிறார்கள். புயல் எச்சரிக்கை வரும் நாட்களில் தொலைக்காட்சியில் நாம் எட்டிப்பார்க்கும் வளாகத்தில்தான், ஒரு காலத்தில் பதினோராயிரம் நட்சத்திரங்களின் இடங்கள் அளந்து அட்டவணையிடப்பட்டன.

அந்த ஆய்வகத்தின் பொறுப்பை 1848-இல் ஏற்றவர் கேப்டன் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப். இங்கிலாந்தின் சாமர்செட் மாவட்டத்தில் உலவிங்டன் என்ற சிற்றூர்க் குருவானவரின் மகன். சிந்துப் பகுதியில் ஜாகோபாபாத் என்ற ஊருக்குப் பெயர் தந்த ஜெனரல் ஜான் ஜேக்கப் இவருடைய அண்ணன். அண்ணனுக்கு ஒரு நகரம் பெயர் சுமக்கிறது; தம்பிக்கோ, தவறிப்போன ஒரு கணிப்பே அடையாளமாக நிற்கிறது.

அவர் கவனித்தது 70 ஒபியூக்கி என்ற இரட்டை நட்சத்திரம். ஏறத்தாழ 17 ஒளியாண்டு தொலைவில், இரண்டு சூரியன்கள் ஒன்றையொன்று சுமார் 88 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றிவருகின்றன. ‘ஒன்றையொன்று’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆராதனைக்குப் பின் ஆலய வளாகத்தில் ஒரு தகப்பன் தன் சிறுமகனின் இரு கைகளையும் பிடித்துச் சுழற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். பிள்ளை பெரிய வட்டத்தில் பறக்கிறது. ஆனால் தகப்பனும் நேராக நிற்பதில்லை. பின்புறம் சாய்ந்து, சிறு வட்டமொன்றைக் காலால் மிதித்தபடியே சுழல்கிறார். ஈர்ப்பு விசையின் இயல்பு இதுவே. இழுக்கிறவரும் இழுபடுகிறார். நம்முடைய சூரியன்கூட அசையாமல் அமர்ந்திருக்கவில்லை. சூரியனும் வியாழனும் சுற்றும் பொது மையம் சூரியனின் நடுவிலிருந்து ஏறத்தாழ 7.4 லட்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. சூரியனின் ஆரமோ சுமார் 7 லட்சம் கிலோமீட்டர்தான். அதாவது அந்த மையம் சூரியனுக்குச் சற்று வெளியே விழுகிறது. எனவே தொலைவிலிருந்து பார்க்கிறவர் வியாழனைக் காணாவிட்டாலும், சூரியனின் மெல்லிய தள்ளாட்டத்தைக் கண்டே வியாழன் உண்டென்று சொல்லிவிட முடியும். பிள்ளை மரத்தின் மறைவில் இருந்தாலும், தகப்பன் சாய்ந்து சுழல்வதைக் கண்டே அவர் கையில் ஒருவர் இருப்பதை நாம் அறிவதுபோல.

ஜேக்கப் செய்ததும் இதையே. 70 ஒபியூக்கியின் துணை நட்சத்திரம், கணக்கிட்ட நீள்வட்டப் பாதையில் ஒழுங்காகச் செல்லவில்லை. ஒரு காலம் முன்னே, ஒரு காலம் பின்னே விலகுவதாக அளவுகள் காட்டின. காணாத மூன்றாவது பொருள் ஒன்று, ஒரு கோள், அதை இழுப்பதாகக் கொண்டால் இந்த விலகல் விளங்கும் என்று 1855-இல் இலண்டன் வானியல் சங்கத்தின் இதழில் எழுதினார். சூரியனல்லாத ஒரு நட்சத்திரத்திற்குக் கோள் உண்டென்று அளவைகளின் அடிப்படையில் உரைத்த முதல் கூற்றுகளில் ஒன்று அது. நெப்டியூன் கிடைத்து ஒன்பதே ஆண்டுகள் ஆகியிருந்தன. வழியும் அதே வழி. அவர் சொன்ன விதத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். ‘கண்டுபிடித்துவிட்டேன்’ என்று அவர் முழங்கவில்லை. அப்படி ஒன்று இருப்பது மிகவும் சாத்தியம் என்று உரைக்கும் அளவுக்குச் சான்று உண்டு என்ற மட்டிலேயே நின்றார்.

அந்தக் கோள் இல்லை.

தவறு எங்கே நேர்ந்தது? அவர் நம்பிய விலகல் ஒரு விகலையின் சிறு பின்னமே. ஒரு விகலை எவ்வளவு சிறியது? அம்பத்தூர் ரயில் நிலையத்தில் நின்றுகொண்டு, ஐந்தரை கிலோமீட்டர் அப்பால் ஒருவர் பிடித்திருக்கும் பத்து ரூபாய் நாணயத்தைப் பார்ப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அந்த நாணயத்தின் அகலமே ஏறத்தாழ ஒரு விகலை. அதிலும் ஒரு சிறு பங்கை, காற்றில் நடுங்கும் இரண்டு ஒளிப்புள்ளிகளுக்கிடையே, வெறுங்கண்ணால் தொலைநோக்கி வழியாக அளக்க வேண்டும். ஒவ்வொருவர் கண்ணுக்கும் கருவிக்கும் ஒரு சாய்வு உண்டு. அந்தச் சாய்வுகள் பல ஆண்டுகளாகச் சேர்ந்தபோது, அவை ஒரு கோளின் உருவம் கொண்டன. இழுத்தது கோளல்ல, அளந்தவர்களின் கண்.

கதை அங்கே நிற்கவில்லை. 1890-களில் அமெரிக்கரான தாமஸ் ஜெபர்சன் ஜாக்சன் சீ, அதே நட்சத்திரத்தில் காணாத பொருள் உண்டென்று மீண்டும் அறிவித்தார். சீ சொன்ன அமைப்பு ஈர்ப்பு விதியின்படி நிலைத்து நிற்காது, சிதறிவிடும் என்று 1899-இல் ஃபாரஸ்ட் ரே மோல்டன் கணக்கிட்டுக் காட்டினார். சீ திருத்தத்தை ஏற்கவில்லை. கடுஞ்சொற்களால் மறுமொழி எழுதினார். இதழ் அதைச் சுருக்கியே வெளியிட்டது. அந்நட்சத்திரத்துக்குக் கோள் உண்டென்ற கூற்று 1943-இலும் ஒருமுறை எழுந்து அடங்கியது.

லெவெரியேயின் வல்கனுக்கும் இதுவே நேர்ந்தது. புதனின் பாதை நூறாண்டில் 43 விகலை கூடுதலாகத் திரும்புவதை விளக்க, சூரியனருகே ஒரு கோள் இருக்கிறது என்றார். வெற்றி பெற்ற வழி என்பதால் நம்பினார். அதை நம்பியபடியே 1877-இல், நெப்டியூன் கிடைத்த அதே செப்டம்பர் 23 அன்று மரித்தார். புதனின் புதிரை 1915-இல் ஐன்ஸ்டைன் அவிழ்த்தபோது, அங்கே குறைவுபட்டது ஒரு கோளல்ல, நியூட்டனின் விதியைப் பற்றிய நம் அறிவே என்று தெரிந்தது.

இதை வாசித்த இரவில் எனக்கு உறக்கம் வரவில்லை. காரணத்தை உங்களிடம் அறிக்கையிடுகிறேன்; சம்பந்தப்பட்ட தாயாரின் சம்மதம் பெற்றே எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் சபையின் சகோதரர் ஒருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். கிடைக்காது என்ற படுக்கை திடீரெனக் கிடைத்தது. ஒருநாள் இரத்தப் பரிசோதனையின் அளவுகள் சற்று இறங்கின. அன்று காலை அவர்கள் வீட்டில் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் நீடித்த நாட்களைக் குறித்த வசனம் இருந்தது. மூன்று சிறு விலகல்கள். மூன்றையும் இணைத்து, நடுவில் கர்த்தருடைய கரத்தை வரைந்து, “அம்மா, கர்த்தர் அவரை எழுப்புவார், இது நிச்சயம்” என்றேன். ‘சாத்தியம்’ என்ற ஜேக்கப்பின் சொல் என் வாயில் வரவில்லை. பதினோராம் நாள் அந்தச் சகோதரர் நித்திரையடைந்தார். அடக்க ஆராதனையில் தேவசித்தத்தைக் குறித்துப் பேசினேன். நான் முன்பு சொன்னதைக் குறித்து ஒன்றும் பேசவில்லை. அந்தத் தாயாரும் கேட்கவில்லை. இன்றுவரை மூன்றாம் வரிசையில் அதே இடத்தில் அமர்கிறார்கள்.

சென்ற வியாழனன்று அவர்கள் வீட்டுக்குச் சென்று, “நான் அறியாததை அறிந்ததுபோல் சொன்னேன், என்னை மன்னியுங்கள்” என்றேன். தேநீர் கொடுத்துவிட்டு நெடுநேரம் மௌனமாக இருந்தார்கள். பிறகு சொன்னார்கள்: “நீங்க அப்போ ‘தெரியலைம்மா’ன்னு சொல்லியிருந்தா, அவர்கிட்ட பேச வேண்டியதைப் பேசியிருப்பேன், ஐயா. வீட்டுக்கு வந்ததும் பேசிக்கலாம்னு இருந்துட்டேன்.”

சோதித்தறியும்படி பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியதை (முதல் நிருபம் 5:21) கள்ளத் தீர்க்கதரிசிகளுக்கு எதிராகவே இதுநாள்வரை பிரசங்கித்து வந்தேன். என் வாய்க்கு எதிராகவும் அதை வாசிக்க வேண்டியிருக்கிறது.

ஜேக்கப் தவறியதால் அவர் கைக்கொண்ட வழி தவறாகிவிடவில்லை. 1995-இல் மிஷேல் மேயர், டிடியே கெலோ இருவரும் 51 பெகாசி என்ற நட்சத்திரத்தின் அசைவைக் கொண்டே, நாலேகால் நாளில் அதைச் சுற்றிவரும் ஒரு கோளைக் கண்டனர். அவர்கள் நட்சத்திரத்தின் இடத்தை அளக்கவில்லை. அது நம்மை நோக்கி வருவதும் விலகுவதுமான வேகத்தை ஒளியில் அளந்தனர். மற்றவர்களும் உடனே அளந்து பார்த்து அதையே கண்டனர். இன்று அறியப்பட்ட இத்தகைய கோள்கள் ஐயாயிரத்துக்கும் மேல். ஆயினும் ஜேக்கப்பைப் ‘புறக்கோளைக் கண்டுபிடித்த முதல் மனிதர்’ என்று நம் ஊர்ப் பெருமைக்காக எழுதுவது சரியன்று; அவர் சொன்ன கோள் இல்லை.

உடல்நலம் குன்றி 1859-இல் அவர் மதராஸ் பதவியைத் துறந்தார். மலையின்மேல், காற்று நடுங்காத உயரத்தில் நின்று நோக்கவேண்டும் என்பது அவருடைய ஆசை. பூனா அருகே அப்படியொரு வானாய்வகம் அமைக்க உதவித்தொகையும் கிடைத்தது. 1862 ஆகஸ்ட் 8 அன்று பம்பாயில் கரையிறங்கினார். எட்டாம் நாள், 16-ஆம் தேதி, பூனாவில் மரித்தார். வயது 48.

அவர் அளந்த அந்த இரு சூரியன்களும் அதன்பின் ஏறத்தாழ இரண்டு முறை சுற்றிவந்துவிட்டன. ஜூலை மாதக் கடைசியில் இரவு ஒன்பதரை மணியளவில் அவை நம் தலைக்குச் சற்றுத் தெற்கே வருகின்றன. மங்கலான ஒளிதான், ஆவடிச் சாலையின் விளக்குகளுக்கு நடுவே தெரியாது. பூந்தமல்லியைத் தாண்டி இருட்டான ஏரிக்கரை ஏதேனும் இருந்தால் வெறுங்கண்ணுக்கு ஒற்றைப் புள்ளியாகத் தெரியும். வாலிபர் கூட்டத்தார் அன்று வர விரும்பினால், அந்த இயற்பியல் சகோதரியிடம் பெயர் கொடுங்கள். சிறிய தொலைநோக்கி ஒன்று கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். இரண்டும் இரண்டாகத் தெரியுமாம்.