யார் வேதியர்?

நாம் கூடியிருக்கும் சங்கரன்கோவிலிலிருந்து குருக்கள்பட்டி வெகுதூரமில்லை. 1714-15 வாக்கில் வீரமாமுனிவர் அங்கே பிடிபட்டு மரண தண்டனையிலிருந்து தப்பினார் என்று அவரது வரலாறு சொல்கிறது. நம் பகுதிக் கிறித்தவர்கள் பெருமையோடு நினைக்கும் கதை அது. நாம் இன்று பேச எடுத்துக்கொள்வது, பின்னாளில் 1727இல் அவர் எழுதிய 'வேதியர் ஒழுக்கம்' என்ற உரைநடை நூலை.

பாதிரிமார் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே இருந்த காலம். ஊர் ஊராக நடந்து செபம் சொல்லிக்கொடுத்ததும், சாகக்கிடந்தவருக்கு ஞானஸ்நானம் கொடுத்ததும், சபையைச் சிதறாமல் காத்ததும் உபதேசிகள். அவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் நூல் அது. கத்தோலிக்க வழக்கில் அவர்களுக்குப் பெயர் வேதியர். பார்ப்பனரைக் குறித்த சொல், வேதம் சொல்லிக்கொடுப்பவர் எவருக்கும் உரியதாக மாறியது. சொல்லில் நடந்த இந்த மாற்றம் சேரியில் நடந்ததா?

வேதம் காதில் விழுவதே குற்றம் என்று நம் முன்னோரை விலக்கி வைத்த நாடு இது. அங்கே, தமிழ் எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய நூலே ஞானோபதேச நூல்தான்: 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்', 16 பக்கம். அடுத்த ஆண்டு கேள்வி-பதிலாக இன்னொன்று வந்தது. ஓதுவது எல்லோருக்கும் என்றாயிற்று. இதைச் சிறிய காரியம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் ஓதுவிப்பவர் யார்? மதுரை மிஷனில் தெ நொபிலி சந்நியாசிக் கோலத்தில் மேல்சாதியாரிடம் போனார். நம்மவருக்கென்று 1640 முதல் பண்டாரசுவாமிகள் என்ற தனி வகையே ஏற்பட்டது. ஒரே விசுவாசம், இரண்டு வாசல்.

சீர்திருத்த சபையார் இதில் மேலானவர்கள் என்று நினைக்க வேண்டாம். தஞ்சை மன்னரின் படையில் இருந்த ராஜநாயக்கன் ஒரு பறையர். அச்சிட்ட சுவிசேஷத்தைத் தானே வாசித்துத் தரங்கம்பாடி மிஷனின் உபதேசியானவர். 1733இல் வெள்ளாளரான ஆரோனுக்குக் குருப்பட்டம் கிடைத்தது. ராஜநாயக்கனுக்கு 1771இல் இறக்கும்வரை கிடைக்கவில்லை. பறையர் கையால் மேல்சாதியார் நற்கருணை வாங்கமாட்டார்கள் என்பதுதான் தடை. உபதேசிக்கலாம், அப்பம் பிட்கக்கூடாது!

மயிலாடியில் வேறுவிதமாகவும் நடந்திருக்கிறது. சாம்பவரான மகாராசன் தஞ்சையில் உபதேசம் கேட்டு, வேதமாணிக்கம் என்று பெயர் பெற்றுத் திரும்பினார். 1806இல் ரிங்கல்தௌபே வந்ததே அவர் ஏற்கெனவே போட்டுவைத்த பாதையில்தான். 1816இல் மிஷனரி புறப்பட்டபோது சபைப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. மிஷன் வரலாறுகளில் வெள்ளைக்காரர் படம் முன்னால் இருக்கும்; பாதை போட்டவரைத் தேடிப் படிக்க வேண்டும்.

நம் தாய்மார் பலருக்கு எழுத்து தெரியாது. 'சின்னக் குறிப்பிடம்' மட்டும் தலைகீழாகத் தெரியும். களையெடுத்துக்கொண்டே நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பிழை விட்டால் தலையில் குட்டு. அந்த மனப்பாடத்தில் ஒரு கோளாறும் உண்டு: கேள்வியும் அவர்களுடையது, பதிலும் அவர்களுடையது. நமக்கு விட்டது ஒப்பிப்பது.

சில ஆண்டுகளுக்கு முன் இந்தப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் பின்னால் உட்கார்ந்திருந்தோம். கடவுள் எங்கே இருக்கிறார் என்று பாடம். எங்கும் இருக்கிறார் என்று பிள்ளைகள் கூவினார்கள். ஒரு சிறுமி எழுந்து, அப்படியானால் திருவிழாச் சப்பரம் மட்டும் ஏன் எங்கள் தெருவுக்கு வருவதில்லை என்று கேட்டாள். சொல்லிக்கொடுத்த அக்காவும் அதே தெருதான். புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, "இங்க வா, பக்கத்துல உக்காரு" என்று அவளை அழைத்தார்.