தாருக்குக் கீழே இருக்கும் மண்

ஒரு இடத்தைத் தார் போட்டு மூடிவிட்டால் அதன் கீழே இருக்கும் மண் என்ன ஆகும்? மழைநீர் இறங்காது. காற்று சரியாகப் புகாது. இலைச் சருகு விழுந்து மக்க வழியில்லை. மண்புழுக்கள் குறைந்து போகும். ரோலர் ஏறி இறங்கியதில் மண் இறுகியும் விடும். சரி, பிறகு தாரைப் பெயர்த்து எடுத்தால் பழைய மண் திரும்பி வந்துவிடுமா? ஜெர்மனியில் உள்ள ஒரு பழைய விமான தளத்தின் வரலாறு இதற்குப் பதில் சொல்கிறது.

பிராங்க்பர்ட் நகரின் வடக்குப் பகுதியான போனாமெஸில், நிடா ஆற்றின் அருகே அந்தத் தளம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க ராணுவம் அதைப் பயன்படுத்தியது. 1945 மார்ச்சில் ஜெர்மனியில் போர்முனையில் கொல்லப்பட்ட அமெரிக்க ஜெனரல் மாரிஸ் ரோஸின் பெயரை அதற்கு வைத்தார்கள். பல ஆண்டுகள் ஹெலிகாப்டர்கள் வந்து போயின. 1992-ல் ராணுவம் காலி செய்துவிட்டுப் போனது. சும்மா கிடந்த ஓடுதளத்தை என்ன செய்வது என்பதுதான் அடுத்த கேள்வி.

வழக்கமாக என்ன செய்வார்கள்? இடிபாட்டை லாரியில் அள்ளிக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, வேறு இடத்தில் தோண்டிய வளமான மண்ணைக் கொண்டுவந்து நிரப்புவார்கள். அதாவது ஒரு இடத்து மண்ணைக் காப்பாற்ற இன்னொரு இடத்து மண்ணை எடுப்பார்கள். இங்கே அப்படிச் செய்யவில்லை. 2004-க்குள் சுமார் 3 ஹெக்டேர் கான்கிரீட்டையும் தாரையும் உடைத்து, பெரிய பாளங்களாகவும் சிறு ஜல்லியாகவும் அங்கேயே விட்டுவிட்டார்கள். மீதி ஓடுதளத்தில் மக்கள் நடக்கிறார்கள், சைக்கிள் ஓட்டுகிறார்கள்.

முதலில் இடுக்குகளில் களைச் செடிகள் முளைத்தன. பிறகு வில்லோ, பாப்லர் போன்ற மரக்கன்றுகள் வந்தன. நீர் தேங்கிய பள்ளங்களில் நாணல் வளர்ந்தது, தவளைகள் சேர்ந்தன. செங்கன்பெர்க் ஆய்வு நிறுவனத்தினர் இந்த மாற்றங்களைக் கவனித்துப் பதிவு செய்தார்கள்.

ஆனால் பச்சை தெரிந்தவுடன் மண் குணமாகிவிட்டது என்று எண்ணக் கூடாது. கான்கிரீட் தூளில் சுண்ணாம்பு அதிகம், சத்து குறைவு. அதைத் தாங்கும் செடிகளே முதலில் வரும். அவை உதிர்க்கும் இலையும் மடியும் வேரும் மக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மேல்மண் உருவாகும். இறுகிய அடிமண்ணை வேர்களும் புழுக்களும் மெல்லத்தான் இளக்கும். இதற்குப் பல பத்தாண்டுகள் பிடிக்கும்.

தார் போட ஒரு வாரம் போதும். அதைப் பெயர்க்கவும் ஒரு வாரம் போதும். மண் திரும்பி வர ஒரு தலைமுறை கூடப் போதாமல் போகலாம். ஆகவே, ஒரு இடத்தை மூடுவதற்கு முன்பே அது அவசியம்தானா என்று நகரங்கள் யோசிக்க வேண்டும்.