தென்திருவிதாங்கூர் மணலும் திண்ம வினையூக்கியும்

1956 நவம்பர் 1 அன்று மொழிவழி எல்லை வகுக்கப்பட்டபோது பாறசாலை அடங்கிய நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நிற்க, களியக்காவிளைக்குத் தெற்கே விளவங்கோடும் கல்குளமும் தமிழகத்தோடு இணைந்தன. அதற்குமுன், 1909இல், கயிற்றில் ஒட்டிச் சென்ற மணலில் ஜெர்மானியரான சோம்பெர்க் தோரியம் அடங்கிய மோனசைட் கனிமத்தைக் கண்டறிந்ததால் புகழ்பெற்ற மணவாளக்குறிச்சியும் இவ்வூர்களும் ஒரே திருவிதாங்கூரின் பகுதிகளாக இருந்தன.

வாயுவிளக்கு மேண்டிலுக்கு வேண்டிய தோரியத்துக்காக அன்று கப்பலேறிய அம்மணலில் சிர்க்கானும் உண்டு; அதன் உலோகமாகிய சிர்க்கோனியத்தின் கொத்துகளைக் கரிம அமிலங்களால் பிணைத்து, நுண்துளைகள் நிறைந்த உலோக-கரிமச் சட்டகமொன்றை ஒஸ்லோ பல்கலைக்கழகத்தார் 2008இல் உருவாக்கினர். கரைசலில் கரையாமல் வினையை விரைவுபடுத்தி, வடிகட்டி எடுத்தபின் மீண்டும் பயன்படுவதால் இத்தகையவை திண்ம வினையூக்கிகள் எனப்படுகின்றன. 1994இல் ஜப்பானின் ஃபுஜிதா குழுவினர் காட்மியச் சட்டகத்தைக் கரிமத் தொகுப்பில் பயன்படுத்தியது இதன் முன்னோடி முயற்சி. சிர்க்கோனியச் சட்டகத்தில் வியப்புக்குரியது அதன் குறையே: பிணைப்பு அமிலம் விடுபட்ட இடங்களில் திறந்து நிற்கும் உலோக அணுக்கள்தாம் வினைப்படு மூலக்கூறைப் பற்றிக்கொள்கின்றன.